பக்கத்து அறை ஜன்னல்

மேனேஜர்: அண்ணே, ஏ.சி. ரிமோட்டுக்காக இனிமேல் யாரும் சண்டை போடக் கூடாது. நம் ஆபீஸில் இனி ஃபாலெட் அம்மா வழிதான்.

அட்டெண்டர்: ரிமோட்தான் உங்கள் டிராயரில் பூட்டிக் கிடக்கிறதே சார். அது போகட்டும், அந்த அம்மா எப்போது டூட்டியில் சேர்ந்தார்? மஸ்டரில் பேரைக் காணோம்.

மேனேஜர்: மேரி பார்க்கர் ஃபாலெட். அமெரிக்கா. 1868-இல் பிறந்தவர்.

அட்டெண்டர்: அப்படியென்றால் எக்ஸ்டென்ஷனில் இருக்கிறாரா?

மேனேஜர்: 1933-லேயே இறந்துவிட்டார் அண்ணே! நிர்வாகச் சிந்தனையாளர். ரெண்டு நாள் டிரெயினிங்கில் அவரைப் பற்றித்தான் பாடம். சண்டையைத் தீர்க்க மூன்று வழி உண்டாம். ஒருவர் மற்றவரை அடக்குவது. ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. மூன்றாவதுதான் அவருடைய வழி: ரெண்டு பேருக்கும் உண்மையில் என்ன வேண்டும் என்று பார்த்து, யாருக்கும் நஷ்டமில்லாமல் முடிப்பது. ஹார்வர்டு நூலகத்தில் ஒருவர் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்றார், இந்த அம்மா மூட வேண்டும் என்றார். என்ன செய்தார்கள் தெரியுமா?

அட்டெண்டர்: கொக்கியைக் கழற்றி டிராயரில் வைத்துப் பூட்டினார்களா?

மேனேஜர்: பக்கத்து அறை ஜன்னலைத் திறந்தார்கள்! அவருக்குத் தேவை காற்று. இவருக்கு வாடைக்காற்று நேராக மேலே அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். 1925-லேயே சொல்லியிருக்கிறார்.

அட்டெண்டர்: நூறு வருடம் ஆகியும் நம் ஹாலுக்கு வந்து சேரவில்லையே சார். இந்த அம்மா எத்தனை வருடம் மேனேஜராக இருந்தார்?

மேனேஜர்: இருந்ததே இல்லை. பாஸ்டனில் பள்ளிக்கூடங்களைச் சாயங்காலத்தில் திறந்துவைத்து ஊர் ஜனங்கள் கூடுகிற இடமாக்கினார். பெரிய முதலாளிகள் யோசனை கேட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அட்டெண்டர்: அதான் சார், யாருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டிருக்கிறார். இங்கேயும் அதே கதைதான். டெஸ்பாட்ச் அம்மாவுக்கு ஏ.சி. நேராகத் தலையில் அடிக்கிறது. அக்கவுண்ட்ஸ் மூலைக்குக் காற்றே போவதில்லை. மேசையைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டால்...

மேனேஜர்: நான் யோசிக்காமல் இருப்பேனா? அவர் 28 கேட்டார், இவர்கள் 20 கேட்டார்கள். 24-இல் வைத்துவிட்டேன்.

(ஹாலில் தும்மல். காலையிலிருந்து 17-ஆவது, நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அக்கவுண்ட்ஸில் எங்களுக்கு ஃபைலால் விசிறிக்கொள்வது போக மிச்சமிருக்கும் வேலை அதுதான்.)

அட்டெண்டர்: இது ரெண்டாவது வழி இல்லையா சார்?

மேனேஜர்: மேசையை நகர்த்தத் தலைமை அலுவலக அனுமதி வேண்டும் அண்ணே. ஃபாலெட் இன்னொன்றும் சொல்கிறார். உத்தரவு போடுவது ஆள் இல்லை, சூழ்நிலை. மேலதிகாரியும் அதற்குக் கட்டுப்பட்டவர்தான்.

அட்டெண்டர்: அப்போ ரிமோட்டைச் சூழ்நிலையிடம் கொடுத்துவிடுங்கள்.

மேனேஜர்: சர்க்குலர் அடித்தாயிற்று. ‘நாம் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு: 24 டிகிரி.’

அட்டெண்டர்: எப்போது சார் சேர்ந்தோம்?

மேனேஜர்: ஆள் மேல் ஏறி உட்காரும் அதிகாரம் வேறு, ஆளோடு சேர்ந்து உண்டாக்கும் அதிகாரம் வேறு. நமக்கு ரெண்டாவதுதான். அதனால்தான் ‘நான்’ என்று போடாமல் ‘நாம்’ என்று போட்டிருக்கிறேன்.

அட்டெண்டர்: உங்களுக்கு முன்னால் இருந்தவர் டிரெயினிங் போய்வந்து ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்றார். அந்தத் தீபாவளிக்கு போனஸ் குறைந்தது. குடும்பத்துக்குள் கணக்குப் பார்க்கக் கூடாதாம்.

மேனேஜர்: சரி சரி, இதைப் போர்டில் ஒட்டுங்கள்.

அட்டெண்டர்: ஒட்டுகிறேன் சார். அதற்கு முன்னால் உங்கள் ரூம் கதவைத் திறந்துவைத்துவிடுகிறேன். உள்ளே 18-இல் ஓடிக்கொண்டிருக்கிறது.

மேனேஜர்: அண்ணே, அது என் கேபின்!

அட்டெண்டர்: அக்கவுண்ட்ஸுக்குப் பக்கத்து அறை அதுதானே சார்.