நோட் ஒன்றுக்கு 12 பைட் கணக்கு தப்பு

C மொழியில் லிங்க்டு லிஸ்ட்டுக்கு (ஒவ்வொரு நோடும் ஒரு எண்ணையும், அடுத்த நோடின் முகவரியான நெக்ஸ்ட் பாயின்டரையும் வைத்திருக்கும் சங்கிலி) எவ்வளவு நினைவகம் ஆகும் என்பதற்கு, "64-பிட்டில் இன்ட் 4, நெக்ஸ்ட் பாயின்டர் 8, ஆக நோட் ஒன்றுக்கு 12 பைட், ஆயிரம் நோடுக்கு 12,000" என்று போட்டிருக்கிறீர்கள். லினக்ஸில் இந்தக் கணக்கு இரண்டு இடத்தில் உதைக்கிறது.

முதலாவது, பாயின்டர் 8-ஆல் வகுபடும் முகவரியில்தான் உட்காரும். அதனால் இன்ட்டுக்குப் பின் 4 பைட் பேடிங் (வெற்று இடம்). நோடின் அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் 16 காட்டும். பாயின்டரை முன்னால் மாற்றி வைத்தாலும் பேடிங் கடைசிக்குப் போகுமே தவிர 16 குறையாது.

இரண்டாவது, பெரிய ஓட்டை, நினைவகம் ஒதுக்கித் தரும் மாலாக்கில். லினக்ஸின் வழக்கமான C நூலகமான ஜிலிப்சியின் (glibc) மாலாக் ஒவ்வொரு துண்டுக்கும் 8 பைட் தன் கணக்குக்கு எடுத்துக்கொண்டு, மொத்தத்தை 16-இன் மடங்காக ஏற்றும். குறைந்தபட்சத் துண்டே 32 பைட். அதாவது 16 கேட்டால் செலவு 32. ஆயிரம் நோடுக்கு 32,000. அதே எண்கள் அர்ரேயில் (அடுத்தடுத்து அடுக்கிய ஒரே வரிசையில்) 4,000. பேடிங்கை நீக்கும் பேக்டு போட்டு 12 ஆக்கினாலும் அதே 32தான், வீண் வேலை.

சோதிக்க: நோடுகளை எல்லாம் ஒதுக்கி முடித்த பிறகு முகவரிகளை அச்சிடுங்கள், 32 இடைவெளி தெரியும். லூப்புக்குள்ளேயே பிரின்ட்எஃப் போட்டால் அதுவும் நடுவில் தன் பஃபருக்கு இடம் பிடித்துக் குழப்பும். இந்த இடைவெளியை நம்பி அடுத்த நோடை முகவரிக் கூட்டலால் பிடிக்க வேண்டாம். ஒரு ஃப்ரீ (ஒதுக்கிய இடத்தைத் திருப்பித் தருவது) நடந்தாலே வரிசை கலையும்.

இடம் முக்கியமென்றால் ஆயிரம் நோடையும் ஒரே மாலாக்கில் எடுங்கள்: சுமார் 16,000. நெக்ஸ்ட்டை 4 பைட் இன்டெக்ஸாக (நோடின் வரிசை எண்ணாக) வைத்தால் 8,000. துண்டின் அளவை மாற்றும் ரீஅலாக் அதை வேறு இடத்துக்கு நகர்த்தினாலும் இன்டெக்ஸ் உடையாது. ஒரே துண்டாக எடுத்தபின் தனி நோடை மட்டும் ஃப்ரீ செய்துவிடாதீர்கள், புரோகிராம் கவிழும்.