காது போனவர்கள் கேட்ட கேள்வி

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை ஒரே கையெழுத்தில் நிறுத்தி வைத்தபோது, எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் அண்ணன் ஒருவர் எழுதியிருந்தார்: "ஆப்பிரிக்காவுக்கு இன்னும் எத்தனை வருஷம்தான் அள்ளிக் கொடுப்பாங்க? அவங்க பாட்டை அவங்க பாத்துக்கட்டும்." அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. நாலு வரியில் முடிகிற பேச்சில்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவையே எடுத்துக்கொள்வோம். எச்ஐவியோடு வாழ்பவர்கள் உலகத்திலேயே அதிகம் இருக்கும் நாடு, கிட்டத்தட்ட 80 லட்சம் பேர். அந்த நாட்டின் எச்ஐவி செலவில் அமெரிக்கப் பணம் சுமார் 17 சதவீதமாகத்தான் இருந்தது. பெரும்பங்கை அந்த ஊர் மக்களின் வரிப்பணமே கட்டுகிறது. ஆனால் அந்த 17 சதவீதத்தில்தான் சுமார் 15,000 சுகாதாரப் பணியாளர்களின் சம்பளம் இருந்தது. மாத்திரை வாங்க வராதவரைத் தேடி வீட்டுக்குப் போகிறவர், விடாமல் இருமுகிறவரைச் சளிப் பரிசோதனைக்குக் கூட்டி வருகிறவர், பதிவேட்டில் யார் பெயர் விட்டுப்போனது என்று பார்க்கிறவர். மாத்திரை அலமாரியில் இருக்கும், அதை விழுங்க வேண்டியவர் வீட்டில் இருப்பார். நடுவில் நடந்துகொண்டிருந்த கால்களில் பல நின்றுபோயின.

எச்ஐவி, டிபி (காசநோய்) என்ற இரண்டு நோயையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் உள்ள துகேலா ஃபெர்ரி என்ற ஊர் ஒன்றே போதும். 2005-06இல் அந்தக் கிராமப்புற மருத்துவமனையில், எச்ஐவி மாத்திரை நன்றாகக் கேட்டு உடம்பு தேறிக்கொண்டிருந்தவர்களே திடீரென்று செத்துப்போனார்கள். சளியைச் சோதித்துப் பார்த்தால், அன்றைக்குக் கையிலிருந்த முக்கிய மருந்துகள் எதற்கும் அடங்காத டிபி. 53 பேருக்கு இருந்தது. 52 பேர் இறந்துவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் சளி எடுத்த 16 நாளுக்குள்ளேயே போய்விட்டார்கள். எச்ஐவி சோதனை செய்யப்பட்ட 44 பேருக்கும் எச்ஐவி இருந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்களும் அந்த ஊர் மருத்துவர்களும் சேர்ந்து உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்தார்கள். பலருக்கு மருத்துவமனைக்கு வந்த இடத்திலேயே தொற்றியிருக்க வேண்டும் என்று கிருமியின் மரபணு சொன்னது. மருந்துக்காக வந்து ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். அந்த மாதிரி இடத்தில் ஜன்னலைத் திறந்து வைப்பதும் வைத்தியம்தான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

கேப் டவுனுக்குப் பக்கத்தில் கயலிட்ஷா என்ற குடியிருப்பு. அங்கே புமேசா டிசிலே என்ற பெண், 2010இல் கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷத்திலேயே டிபி வந்து படுத்தாள். முதலில் சாதாரண டிபி என்றார்கள். பிறகுதான் மருந்துக்கு அடங்காத வகை என்று தெரிந்தது. தினமும் கனாமைசின் ஊசி. ஒருநாள் காலையில் கண் விழித்தபோது எதுவுமே கேட்கவில்லை. ஊசி காதைத் தின்றுவிட்டது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அவளுக்கு வேறு மருந்துகளைத் தேடிக் கொடுத்தது. மூன்றரை வருஷத்துக்கு மேல், இருபதாயிரம் மாத்திரைகளுக்கு மேல் விழுங்கி, 2013இல் குணமானாள்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குப் பெரியப்பா ஞாபகம்தான் வந்தது. அவருக்கு டிபி இரண்டாம் தடவை வந்தபோது இரண்டு மாதம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார்கள். "காதுக்குள்ள வண்டு குடையற மாதிரி இருக்குப்பா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஊசி போட்ட இடத்தில் கேட்டதற்கு, "மருந்துன்னா அப்படித்தான் இருக்கும், உயிர் முக்கியமா காது முக்கியமா?" என்றார்கள். நாங்களும் அதையே நியாயம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். கடைசிவரை அவரிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

உயிரா, காதா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் செய்தது, மருந்துக்கு அடங்காத டிபிக்கான பெடாகுவிலின் என்ற மாத்திரை. அதன் முதல் முக்கியச் சோதனைகளில் ஒன்றில் மருந்தை விழுங்கிப் பார்த்தவர்கள் 47 தென்னாப்பிரிக்க நோயாளிகள். 2018இல் காதைத் தின்னும் அந்த ஊசியைக் கைவிட்டு இந்த மாத்திரையைக் கொடுக்கிறோம் என்று உலகத்துக்கே முதலாக அறிவித்த நாடும் தென்னாப்பிரிக்காதான். பணக்கார நாடுகளோ உலக சுகாதார நிறுவனமோ சொல்லும்வரை காத்திருக்கவில்லை.

ஆனால் விலை? அப்போது ஆறு மாதத்துக்கு 400 டாலர். காப்புரிமை ஜான்சன் அண்ட் ஜான்சன் கையில் இருந்தது. 2023 ஜூலையில் முடிய வேண்டிய அதை, மருந்தின் உப்பு வடிவத்துக்கு (அதே மருந்தை ஒரு அமிலத்தோடு சேர்த்துச் செய்யும் வடிவம்) தனியாக உரிமை கேட்டு 2027 வரை இழுக்க இந்தியாவில் விண்ணப்பித்தார்கள். உலகத்துக்கு மலிவு மருந்து போவது நம் நாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்து என்பதால் இங்கே கதவை அடைத்தால் எல்லோருக்கும் அடைத்த மாதிரி. அதை எதிர்த்து 2019இல் மனுப் போட்டவர்கள் யார் தெரியுமா? கயலிட்ஷாவின் புமேசாவும், மும்பையின் நந்திதா வெங்கடேசனும். நந்திதா குடல் டிபிக்குப் போட்ட ஊசியால் 2013இல் காதை இழந்தவர். காது போன பிறகும் பரதநாட்டியம் ஆடியவர். ஜதி கேட்காத ஒருவர் மேடையில் எப்படித் தாளம் பிடித்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. சில மாதங்களில் விலை இறங்கியது, ஆறு மாதத்துக்கு 130 டாலர்.

சர்வதேசக் கூட்டு என்றால் எனக்கு இதுதான். மேலே ஒருவர் கை, கீழே ஒருவர் கை என்று இல்லாமல், ஒரே காயம் பட்ட இருவர் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுவது. பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பணம் வேண்டும், நிறைய வேண்டும். 2003இல் அமெரிக்கா தொடங்கிய எய்ட்ஸ் நிவாரணத் திட்டம் கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது, அதை மறுத்தால் நன்றிகெட்டதனம். ஆனால் முடிவு எடுக்கிற மேஜையில் நோயாளிக்கு நாற்காலி இல்லாத கூட்டு, கொடுப்பவருக்கு மனசு மாறிய அன்றைக்கே முடிந்துபோகும். அதைத்தான் 2025இல் பார்த்தோம்.

இதற்கு நடுவில்தான் லெனகாபவிர் வந்தது. வருஷத்துக்கு இரண்டே ஊசியில் எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்து. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த சோதனையில் அதைப் போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. அமெரிக்காவில் வருஷத்துக்கு 28,000 டாலருக்கு மேல் விலை. 2027 முதல் வருஷத்துக்கு 40 டாலருக்குத் தருவோம் என்று இந்திய மருந்து நிறுவனங்களான டாக்டர் ரெட்டிஸும் ஹெட்டெரோவும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. ஆனால் அமெரிக்கா தன் பணத்தில் இந்த மருந்தைக் கொடுக்கும் நாடுகளின் பட்டியலில் தென்னாப்பிரிக்காவைச் சேர்க்கவில்லை. எய்ட்ஸ், டிபி, மலேரியாவுக்கான உலக நிதியத்தின் (குளோபல் ஃபண்ட்) வழியாகத்தான் அங்கே போகிறது.

அண்ணே, அவங்க பாட்டை அவங்க பாத்துக்கட்டும்னு எழுதினீங்களே. அந்த ஊசி வேலை செய்யும் என்று உலகத்துக்குத் தெரிந்ததே, அந்த ஊர்ப் பெண்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து அதைத் தங்கள் வயிற்றில் குத்திக்கொண்டதால்தான்.