அரை மணி நேரப் படத்துக்கு 1.6 கிலோ கார்பனா?

வீட்டில் அரை மணி நேரம் இணையவழிப் படம் பார்த்தால் 1.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது, அது காரில் 6 கிலோமீட்டர் செல்வதற்குச் சமம் என்று நண்பர் எழுதியிருப்பது சரியன்று. கார்பன் குறைப்பை ஆராயும் பிரான்சின் 'ஷிஃப்ட் பிராஜெக்ட்' அமைப்பிடமிருந்து 2019-இல் பரவிய எண் இது. தரவை அளக்கும் பிட்டையும் பைட்டையும் (ஒரு பைட் என்பது 8 பிட்) குழப்பியதால் மதிப்பு 8 மடங்கு கூடிவிட்டதென அவர்களே 2020 ஜூனில் ஒப்புக்கொண்டு திருத்தினார்கள். ஆனால் பழைய எண் சென்ற இடங்களுக்கெல்லாம் அந்தத் திருத்தம் போய்ச் சேரவில்லை. அதே ஆண்டில் பன்னாட்டு எரிசக்தி முகமை, உலகச் சராசரி மின்சாரத்தை வைத்து, ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 36 கிராம் எனக் கணக்கிட்டது.

அதற்காக அந்த 36 கிராமை அப்படியே கடலூருக்குப் பொருத்துவதும் தவறாகும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிவதை அன்றாடம் காணும் மாவட்டம் நம்முடையது. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஆகவே 100 வாட் இழுக்கும் பெரிய தொலைக்காட்சி ஒரு மணி நேரம் ஓடினால், படத்தை அனுப்பும் கணினிகள் உள்ள தரவு மையத்தைச் சேர்க்காமலே, அதன் பங்கு மட்டும் 70 கிராம்; கைப்பேசித் திரைக்கோ ஓரிரு கிராம்தான். 10 வாட் ரவுட்டர், யாரும் எதையும் பார்க்காவிட்டாலும், இரவு பகலாக எரிந்து நாளொன்றுக்கு 170 கிராம் வரை சேர்த்துவிடுகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

நண்பரே, மாணவர்களுக்கான துண்டறிக்கையில் 1.6 கிலோ என அச்சிடப் போவதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அச்சுக்குப் போகுமுன் தயவுசெய்து அதை மாற்றிவிடுங்கள்.