ஆட இடமில்லாத மண்டபத்தில் டிஜே எதற்கு?

நம் ஊர்க் கல்யாண மண்டபத்தை ஒரு நிமிடம் மனதில் கொண்டுவாருங்கள். மேடைக்குக் கீழிருந்து வாசல்வரை நாற்காலிகள். நடுவில் ஒரு பாதை. அதில் மொய்க் கவரோடும் பரிசுப் பெட்டியோடும் மேடை ஏற நிற்கிற வரிசை. ஓரத்தில் பந்திக்கு இடம் பிடிக்கப் போகிற கூட்டம். இதில் எங்கே நின்று ஆடுவது?

இந்தக் கேள்வியை இப்போது எழுப்பக் காரணம், தை மாதம் அக்கா மகனுக்குக் கல்யாணம். மண்டபம் தருமபுரியில், பெண் வீடு தேன்கனிக்கோட்டைப் பக்கம். முதல் நாள் வரவேற்புக்கு டிஜேவா, பாட்டுக் கச்சேரியா என்று வீடு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நான் கல்லூரி நாட்களில் பாலக்கோட்டில் ஒரு குழுவில் டோலக் வாசித்தவன். அதனால் நடுநிலை என்றெல்லாம் சொல்லிக்கொள்ள மாட்டேன். என் ஓட்டு கச்சேரிக்குத்தான். ஆனால் "கலைஞர்களை வாழவைக்கணும்" என்ற பேச்சையெல்லாம் இங்கே இழுக்கப் போவதில்லை. அது நல்ல பேச்சுதான், கல்யாண வீட்டில் பணம் எடுத்து வைக்கிறவர்களிடம் எடுபடாது.

டிஜேக்களை மட்டமாக நினைக்கிறவன் இல்லை நான். நல்ல டிஜேவின் கண் எப்போதும் ஆடுகிறவர்கள் மேல்தான் இருக்கும். கால்கள் தளர்ந்தால் பாட்டை மாற்றுவார், கூட்டம் சூடானால் இன்னும் ஒரு படி ஏற்றுவார். ஓசூர்ப் பக்கத்து ரிசார்ட் புல்வெளியில், ஆடுவதற்கென்றே இடம் விட்டு, ஆடுவதற்கென்றே நண்பர்கள் வரும்போது அந்த வேலை அழகாக நடக்கிறது. அதே ஆளை நம் மண்டபத்தில் ஒரு மூலையில் நிறுத்தினால் எதிரே என்ன தெரியும்? உட்கார்ந்திருக்கிற சித்தப்பாக்களும் தூங்குகிற குழந்தைகளும். யாரும் எழுந்திருக்காததால் அவருக்குப் பதற்றம் வந்து சத்தத்தைக் கூட்டுவார்.

அந்தச் சத்தம் என்ன ஆகிறது என்று பாருங்கள். தரை முழுக்க கிரானைட். (கிருஷ்ணகிரிக் கல்லை நாம் போடாமல் வேறு யார் போடுவார்கள்?) சுவரில் பாதி உயரத்துக்கு டைல்ஸ், மேலே கான்கிரீட். ஒலியை உறிஞ்ச, கட்டிவைத்த துணி அலங்காரத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. பேஸ் அடி சுவரில் மோதித் திரும்பி அடுத்த அடியோடு கலந்துவிடும். வார்த்தை புரியாது. "சவுண்டு தெளிவா இல்லையே" என்று பின்வரிசையிலிருந்து யாராவது சொல்வார். உடனே வால்யூம் இன்னும் ஏறும், குழப்பமும் ஏறும். அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்துக்கான நையோஷ் (NIOSH) அமைப்பு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் வெறும் கால் மணி நேரம். நாமோ நடக்க முடியாத பெரியவர்களை மரியாதையாக முன்வரிசைக்குக் கூட்டிவந்து, ஸ்பீக்கர் பாக்ஸுக்கு நேர் எதிரே உட்கார வைத்து, மூன்று மணி நேரம் அங்கேயே விட்டுவிடுகிறோம்.

டிரம்ஸ் வைத்த கச்சேரியும் இதே கொடுமையைச் செய்யும் என்பீர்கள். செய்யும். ஆனால் அங்கே குழுத் தலைவர் என்று ஒருவர் இருப்பார். பெண்ணின் அப்பா போய்க் கையைக் காட்டினால், பாட்டு நடக்கும்போதே டிரம்ஸ்காரர் குச்சியை மாற்றுவார், கிட்டார் இறங்கும். மேடையில் தாத்தா பாட்டி ஆசீர்வாதம் செய்ய நேரம் எடுத்தால் இடையிசையை இன்னொரு சுற்று சுற்றுவார்கள். மொய் எழுதும் இடம் எங்கே என்று அறிவிக்கப் பாட்டை நிறுத்துவார்கள், விட்ட இடத்திலிருந்து எடுப்பார்கள். மாமா ஒருத்தர் "நானும் ஒரு பாட்டு பாடறேன்" என்று மைக்கைப் பிடுங்கி, சுருதி தப்பி எங்கோ போவார். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டி, மாமா நிற்கிற சுருதிக்கே வந்து சேருவார். நான் வாசித்த காலத்தில் கைத்தட்டலில் முக்கால்வாசி இப்படிப்பட்ட மாமாக்களுக்குத்தான் கிடைத்தது.

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு விஷயமும் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி சம்பந்தம் என்றால் சபையில் தெலுங்கும் கன்னடமும் கலந்து உட்கார்ந்திருக்கும். மூன்று மொழியிலும் பழைய டூயட் தெரிந்த ஒரு பாடகி இருந்தால் போதும், சம்பந்தி வீட்டு ஆட்களின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். டிஜேயிடமும் எல்லா மொழிப் பாட்டும் இருக்கும்தான். ஆனால் மேடையிலிருந்து ஒரு ஆள் உங்களைப் பார்த்து உங்கள் மொழியில் பாடுவது வேறு.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கை. இப்போது கச்சேரி என்ற பெயரில் வருவதில் பாதி கச்சேரியே இல்லை. லேப்டாப்பில் மைனஸ் ட்ராக், அதாவது குரலை நீக்கிய பின்னணி இசை ஓடும், அதன்மேல் இரண்டு பேர் பாடுவார்கள். பின்னால் ஒருவர் கீபோர்டைத் தொட்டுக்கொண்டு நிற்பார். ட்ராக் ஓடுகிற வேகத்துக்குத்தான் பாட முடியும், நிறுத்தினால் நின்றுபோகும். மேலே நான் சொன்ன சமாச்சாரம் எதுவும் அங்கே நடக்காது. அதற்கு டிஜேவே தேவலை, மேடையில் இடமாவது மிச்சம். அதனால் பேசி முடிக்கும்போது "எத்தனை பேர் பாடறீங்க?" என்று கேட்காதீர்கள். "எத்தனை பேர் வாசிக்கறீங்க?" என்று கேளுங்கள். கீபோர்டு, பேஸ் கிட்டார், தபலா அல்லது டோலக், ரிதம் பேட் இருந்தால் ஒரு மண்டபத்துக்குத் தாராளம். யூடியூப்பில் எடிட் செய்து போட்டதைப் பார்க்காமல், அவர்கள் வாசிக்கிற வேறொரு கல்யாணத்துக்கே போய்ப் பத்து நிமிடம் நின்று கேட்டுவிட்டு வாருங்கள். அதே நாளில் வேறு எங்கே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். பெரிய முகூர்த்த நாளில் ஆறு மணிக்குக் காரிமங்கலம், எட்டரைக்குக் கிருஷ்ணகிரி என்று ஓடுகிற குழுக்கள் உண்டு. உங்களுடையது இரண்டாவது மண்டபம் என்றால் மாப்பிள்ளை மேடையை விட்டு இறங்கிய பிறகுதான் மைக் டெஸ்டிங் நடக்கும்.

ஊரில் தெருவை மறித்துப் பந்தல் போட்டு நடத்துகிறவர்களுக்கு: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. டிஜே ஆட்டம் சூடுபிடிப்பதே ஒன்பதரைக்கு மேல்தான். கச்சேரியை ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பதுக்கு மங்களம் பாடிவிடலாம்.

டிஜேதான் என்று முடிவெடுத்து ஹோட்டலில் வைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் பாட்டுக்கு லைசென்ஸ் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(இசட்ஏ), மதச் சடங்கில் பாட்டு ஒலிப்பதற்கு விலக்கு தருகிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதை நினைவூட்டிப் பொது அறிவிப்பு வெளியிட்டது. அந்த அறிவிப்பை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அக்கா மகனிடம் நான் சொன்ன சமரசம் இது: ஒன்பது மணி வரை கச்சேரி. பந்தி முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு முன்னால் நாலு வரிசை நாற்காலியை எடுத்துவிட்டால் ஆட இடம் கிடைத்துவிடும். கச்சேரிக்காரர்களின் சவுண்டு செட்டிலேயே நண்பன் ஒருவனின் லேப்டாப்பைச் சொருகிக்கொள்ளலாம். இதைக் குழுவிடம் முன்கூட்டியே பேசி, அதற்கும் சேர்த்துக் கூலி கொடுத்துவிட வேண்டும். "லைட்டிங் யார் மாமா போடுவா?" என்கிறான். அது அவன் கவலை.

குழுவுக்குச் சாப்பாடு எப்போது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். கடைசிப் பந்தியில் ரசமும் மோரும் மட்டும் மிஞ்சியிருக்க, வாசித்த கையோடு போய் உட்கார்ந்தவன் நான். பாதிக் கச்சேரியில் இரண்டிரண்டு பேராக அனுப்பி வைத்தால் பிற்பாதி வாசிப்பு எப்படி இருக்கும் என்று நீங்களே கேட்கலாம்.

பென்னாகரம், அரூர், காவேரிப்பட்டினம் பக்கம் ட்ராக் இல்லாமல் கையால் வாசிக்கிற குழு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தை முகூர்த்தங்களுக்கு இப்போதே அட்வான்ஸ் வாங்கத் தொடங்கிவிட்டார்களாம்.