மகனைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்த அப்பா

இயன் பிரவுன் கனடாக்காரர். டொராண்டோவிலிருந்து வரும் ‘குளோப் அண்ட் மெயில்’ நாளிதழில் எழுதுபவர். 1996இல் பிறந்த அவருடைய மகனுக்கு சி.எஃப்.சி. என்னும் மிக அரிய மரபணுக் கோளாறு. பேச்சு வராது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத்தான் உணவு. எல்லாவற்றையும்விடக் கொடுமை, தன் தலையில் தானே ஓங்கி ஓங்கிக் குத்திக்கொள்வான்.

மகனைப் பற்றி நாளிதழில் தொடராக எழுதினார். 2009இல் ‘தி பாய் இன் தி மூன்’ என்று புத்தகமாக வந்தது. அதில் வரும் இரவுகள் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. சத்தம் கேட்டு இருட்டில் எழுவது, குழாயைக் கழற்றுவது, டயப்பர் மாற்றுவது, அப்புறம் அவன் குத்திக்கொள்ளாமல் கையைப் பிடித்தபடியே படுத்துக் கிடப்பது. கணவனும் மனைவியும் முறை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஓர் இரவு விழித்திருக்கிறார்கள். ஒரு வாரம், ஒரு மாதம் இல்லை. வருடக்கணக்காக.

அப்புறம், நெடுநாள் தேடி, சிறுவனாக இருக்கும்போதே அவனை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கிறார்கள்.

‘பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு வர எப்படி மனசு வந்தது’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நான் பிரவுன் பக்கம். இப்படிப்பட்ட பெற்றோரைக் கண்டால் ‘நீங்கள் தெய்வம்’ என்று சொல்லிவிடுகிறோம். நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் அதைக் கேட்ட பிறகு, ‘என்னால் முடியவில்லை, யாராவது கொஞ்சம் பிடியுங்கள்’ என்று அவர்கள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்? பிரவுன் எழுத்திலேயே சொல்லிவிட்டார். வயிற்றில் இருக்கும்போதே இது தெரிந்திருந்தால் கருவைக் கலைத்திருப்போமா என்று மனைவியோடு பேசியதைக்கூட மறைக்கவில்லை. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு அவர்கள்மேல் மரியாதைதான் கூடியது.

சேர்த்ததோடு அவர் ஓய்ந்துவிடவும் இல்லை. இதே கோளாறுள்ள பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகிறார், மரபணு ஆய்வாளர்களிடம் கேட்கிறார், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களும் மற்றவர்களும் சேர்ந்து வாழும் ‘லார்ஷ்’ இல்லங்களைப் பார்க்க பிரான்ஸ் வரை போகிறார். நிலாவில் ஒரு முகம் தெரிகிறது, அங்கே யாரும் இல்லை என்றும் தெரியும். மகனைப் பார்ப்பதும் சில நேரம் அப்படித்தான் என்று எழுதுகிறார். அவனுக்குள் யார் இருக்கிறார் என்பதுதான் அவர் தேடல். அதற்கு மருத்துவர்களிடம் பதில் இல்லை.

ஆனால் இருவருக்கும் நடுவே ஒரு பேச்சு இருந்தது. அப்பா நாக்கைச் சொடுக்குவார். மகன் திருப்பிச் சொடுக்குவான்.