வீட்டுக்கு அனுப்பினால் நோய் தீர்ந்துவிடுமா?

பிள்ளைகளுக்குத் தொற்று என்றதும், "முதல்ல ஸ்கூலை விட்டு அனுப்புங்க" என்று சொல்பவர்கள் எல்லாரும் நியூயார்க்கின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1897-லேயே அங்கே 150 மருத்துவர்களைப் பள்ளிப் பரிசோதனைக்கு நியமித்துவிட்டார்கள். 1902-ல் கெடுபிடி கூடியது. பேன், சிரங்கு, படர்தாமரை, பார்வையையே பறிக்கிற டிரக்கோமா என்று எது இருந்தாலும் வெளியே. அந்த செப்டம்பரில் மட்டும் 10,567 வெளியேற்றங்கள். கண்டுபிடிப்பதில் குறையே இல்லை. அதற்குப் பிறகு? புலம்பெயர்ந்து வந்து நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். பல தாய்மாருக்கு ஆங்கிலமே தெரியாது. வைத்தியம் பார்க்க ஆளில்லை. விரட்டப்பட்ட பிள்ளை, சாயங்காலம் அதே வகுப்புப் பிள்ளைகளோடு தெருவில் விளையாடியது. இதற்குப் பெயர் நோய்த்தடுப்பா?

அந்தப் பகுதியில் செவிலியர் சேவை நடத்திவந்த லில்லியன் வால்ட் இதை ஏற்கெனவே கண்ணால் பார்த்தவர். தலையில் கரப்பான் என்ற தோல்நோய் இருந்ததால் எந்தப் பள்ளியிலும் சேர்த்துக்கொள்ளாத 12 வயதுப் பையன் ஒருவன். மருந்தகக் களிம்பை ஒழுங்காகத் தடவியதில் குணமாகிவிட்டது. பள்ளியில் சேர்ந்த மறுநாள் மதிய இடைவேளையில் அவன் ஐந்து மாடி ஏறி வால்டிடம் ஓடிவந்து, காலையில் கற்ற சொற்களை எழுத்துக்கூட்டிச் சொல்லிக் காட்டியிருக்கிறான். ஒரு களிம்பு இல்லாமல் எத்தனை வருஷப் படிப்பு போயிருக்கிறது! நினைத்தாலே வயிறு எரிகிறது.

1902 அக்டோபரில் வால்ட் தன்னிடமிருந்த லீனா ரோஜர்ஸ் என்ற நர்ஸை ஒரு மாதச் சோதனையாக நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார். ரோஜர்ஸ் சின்னச் சின்னப் புண்களுக்குப் பள்ளியிலேயே மருந்து போட்டு, பிள்ளையை வகுப்புக்குத் திருப்பி அனுப்பினார். பிறகு வீடு வீடாகப் போய், எப்படிக் கழுவுவது, எப்படி மருந்து தடவுவது என்று தாய்மாருக்குச் செய்தே காட்டினார். என்னைக் கேட்டால், அந்த வீட்டுப் படி ஏறியதுதான் உண்மையான கட்டுப்பாடு. நகராட்சியும் பலனைப் பார்த்துவிட்டு மேலும் நர்ஸ்களை வேலைக்கு எடுத்தது. 1903 செப்டம்பரில் வெளியேற்றங்கள் 1,101 ஆகக் குறைந்தன.

டிப்தீரியாவுக்கும் தட்டம்மைக்கும் தனிமைப்படுத்தல் தேவைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் "இத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பினோம்" என்பதோடு முடிகிற அறிக்கையை நான் ஏற்க மாட்டேன். அவர்களில் எத்தனை பேருக்கு மருந்து கிடைத்தது, எத்தனை பேர் பள்ளிக்குத் திரும்பினார்கள் என்பதையும் அதில் எழுதுங்கள்.