நாலு வருஷமும் .247

எங்கள் பேஸ்பால் வாட்ஸ்அப் குழுவில் நேற்றும் அதே சண்டை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, சீராக அடிக்கிறவர் வேண்டுமா? அடித்தால் அடைமழை, இல்லையென்றால் மூன்று வாரம் வறட்சி என்கிற ஆள் வேண்டுமா? எல்லோரும் சீரான ஆளுக்கே கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை.

.300 ஆவரேஜில் அடிக்கிற ஒருவர், அதாவது ஆயிரம் முறை பேட் பிடித்தால் 300 ஹிட் (அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸ் சேர்வது), மேட்சுக்கு நாலு முறை பேட் பிடிக்கிறார் என்று வையுங்கள். நாலிலும் ஹிட் இல்லாமல் போக 24 சதவீதம் வாய்ப்பு. அப்படித் தொடர்ந்து மூன்று மேட்ச் போவது, வெறும் தற்செயலாகவே, சீசனுக்குச் சராசரியாக ஒன்றிரண்டு முறை நடக்கும். மூன்றாம் நாள் நாம் ‘ஃபார்ம் போச்சு’ என்று ஆரம்பித்துவிடுவோம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த வாய், சும்மா இருக்காது.

சீருக்கு உதாரணமாக எல்லோரும் காட்டுவது கிறிஸ் டேவிஸை. 2015 முதல் 2018 வரை நாலு சீசனும் அவருடைய ஆவரேஜ் .247. ஒரு புள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 2018-இல் 48 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), லீக்கிலேயே முதலிடம். 2019 ஏப்ரலில் ஓக்லாந்து அணி ஒப்பந்தத்தை இரண்டு வருஷம் நீட்டித்தது. அந்த வருஷமே .220, ஹோம் ரன் 23. அவ்வளவுதான் சீர்!

(பால்டிமோரில் இன்னொரு கிறிஸ் டேவிஸ் இருந்தார். ஆங்கிலத்தில் இவருக்கு ‘கே’, அவருக்கு ‘சி’; தமிழில் எழுதினால் இருவரும் ஒருவரே. 2013-இல் 53 ஹோம் ரன் அடித்த அவர், 2018 செப்டம்பரிலிருந்து 2019 ஏப்ரல் 13 வரை 54 முறை தொடர்ந்து ஹிட் இல்லாமல் திரும்பினார்.)

என் ஓட்டு கைல் ஷ்வார்பருக்கு. 2021 ஜூனில் 18 மேட்சில் 16 ஹோம் ரன் அடித்த அடைமழை அவர். 2023-இல் ஃபிலடெல்பியாவுக்கு ஆடியபோது ஆவரேஜ் .197. 215 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட்). வேறு யாராக இருந்தாலும் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். ஆனால் 47 ஹோம் ரன், 126 வாக் (நாலு தப்பான பந்தை அடிக்காமல் விட்டால் முதல் பேஸுக்குச் சும்மா நடக்கலாம்). அதனால்தான் அவரை முதல் ஆளாகவே இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் கவனிப்பது இந்த வாக்கைத்தான். மூன்று பால் (தப்பான பந்து), இரண்டு ஸ்ட்ரைக்: இன்னொரு பால் என்றால் வாக், இன்னொரு ஸ்ட்ரைக் என்றால் அவுட். ஒரு வாரமாக ஹிட் இல்லாதவனுக்குக் கை பரபரக்கும். முழங்காலுக்குக் கீழே வளைந்து விழும் ஸ்லைடரைத் துரத்துவான். இவர் அதைப் போக விட்டுவிட்டு, மட்டையை ஓரமாகப் போட்டுவிட்டு, அவசரமே இல்லாமல் முதல் பேஸுக்கு நடப்பார். பேட் ஓய்ந்தாலும் கண் ஓயவில்லை. அப்படிப்பட்டவருடைய வறட்சியில் நான் பயப்பட மாட்டேன். வறட்சியில் வாக்கும் சேர்ந்து குறைகிறவரைக் கண்டால்தான் பயம்.

இவ்வளவையும் குழுவில் தட்டினேன். ஒரு அண்ணன் ‘.197 தம்பி, .197!’ என்று மட்டும் மூன்று முறை அனுப்பினார். ‘2025-இல் 56 ஹோம் ரன் அண்ணே’ என்று பதில் போட்டேன். நீல டிக் விழுந்து ஒரு நாள் ஆகிறது.